மூன்று அந்தி

கோவில்பட்டி
8 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அக்கா வள்ளிமயில் அவர்களுக்கு,

கடந்த வியாழக்கிழமை முற்பகல் 11.20 மணிக்கு எங்கள் நகரமைப்புப் பிரிவில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. சுவரில் தொங்கும் நகர விரிவாக்க வரைபடத்தை இரண்டு அடி இடப்புறமாக நகர்த்துவது என்பதே அது. பழைய இடத்தில் புது மின்விசிறியின் காற்று பட்டு, நகரத்தின் கிழக்கு எல்லை ஓயாமல் படபடத்துக்கொண்டிருந்தது. அலுவலர் தலைமையில் நான்கு பேர் கூடி விவாதித்தோம். மின்விசிறியை நகர்த்தலாமே என்று ஒருவர் சொன்ன மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டு நிராகரிக்கப்பட்டது. ஆணி அடிக்கும் பொறுப்பு, வரைவாளர் என்ற முறையில், எனக்கு வந்தது.

புதிய இடம் ஜன்னல் ஓரம். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக வரைபடத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். நம் ஊர் அம்மன் புல்லு, நாற்பத்திரண்டு ஏக்கரும், ஊதா நிறத்தில் இருக்கிறது. ஊதா என்றால் தொழில். அங்கே லாரி நிறுத்துமிடமும் சரக்குக் கிட்டங்கிகளும் வர இருக்கின்றன. நிலத்தின் வகை என்ற கட்டத்தில் ‘தரிசு, பயனற்றது’ என்று எழுதியிருக்கிறது.

ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் செப்டம்பர் 5. இதற்கான அறிவிப்பு எங்கள் பலகையில் முறைப்படி ஒட்டப்பட்டுள்ளது. பலகைக்கு முன்னால் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருப்பதால் மேல் பாதியை மட்டும் படிக்கலாம். மேல் பாதியில் எங்கள் பிரிவின் பெயர் இருக்கிறது.

பணியாளர் என்ற முறையில் இதை உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. தம்பி என்ற முறையில் சொல்ல வழியில்லை; போனில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆகவே தபால்.

இசக்கிச்செல்வியின் குழந்தைக்குக் கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
லிங்கராஜ்

*

வரகுப்பட்டி, இடைசெவல் வழி
16 ஜூலை 2024

லிங்கராஜுக்கு,

உன் கடிதம் வந்தது. பதினோரு கிலோமீட்டரை ஆறு நாளில் கடந்திருக்கிறது. என் மகள் கல்யாணத்துக்கு நீ வந்த வேகத்தோடு ஒப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அரசாங்கம் என்னை நீங்கள் என்று சொன்னால் கையில் இருக்கும் எதையோ கேட்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். அம்மன் புல்லைத்தான் என்று இப்போது புரிந்தது.

மிட்டாயும் வந்தது. பிள்ளைக்கு இரண்டு பல்தான் முளைத்திருக்கிறது. நானே தின்கிறேன். அதை நான் மன்னித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி நின்றது; அதன்மேல் நீ எடுத்துக் கொடுக்க வேண்டிய மாலை உட்கார்ந்திருந்தது. பதினொன்றே காலுக்கு நீ வந்து, “மேப்பு சமர்ப்பிக்கிற நாளுக்கா” என்றாய். மாப்பிள்ளை வீட்டார் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இனி விஷயம். உன் கடிதத்தை உச்சிமாகாளி அண்ணாச்சி டீக்கடையில் வைத்து வாசித்தேன். புல் ஏலக் கமிட்டி நோட்டு அவரிடம்தான் இருக்கிறது, ஆகவே அங்கே பேசினால்தான் பேச்சு. புல்லு போனால் பருந்து எங்கே போய்த் தங்கும் என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமலே சொன்னார்:

“லாரி வந்தா டிரைவரு வருவான். டிரைவரு வந்தா டீ குடிப்பான். பருந்து டீ குடிக்குமா தாயி?”

ஆட்டுக்கிடை போடுகிற மாரிச்சாமி பெஞ்சில் இருந்தார். “குடிக்காது அண்ணாச்சி. ஆனா வெட்டுக்கிளியத் திங்கும். உங்க டிரைவரு திம்பானா?”

“ஏலே, நீ ஆட்டப் பாரு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்தப் புல்லு இல்லைன்னா பங்குனியில எங்கன கொண்டு அடைப்பேன்? உங்க கிட்டங்கியிலயா?”

சுப்புத்தாய் மதினி மட்டும் ஒரே கேள்வி கேட்டாள்: “அதத் தரிசுன்னு எழுதினவன் எவன்? இங்கன வந்து பாத்தானா?”

எனக்கும் அதே கேள்விதான். நிறம் அடித்தது யார்?

நீ டவுனுக்குப் போய் இருபது வருஷம் ஆயிற்று. மறந்திருப்பாய், எழுதுகிறேன். புரட்டாசி தொடங்கினால் அம்மன் புல்லுக்குள் ஆடும் போகாது, அரிவாளும் போகாது. ஐப்பசி மழைக்குப் புல் இடுப்புக்கு வரும். அந்தச் சமயத்தில்தான் வடக்கிலிருந்து புல்லுப்பருந்து வரும். பகலெல்லாம் காட்டுக்காட்டாகத் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும், அந்தியில் வந்து அந்தப் புல்லுக்குள் தரையில் படுத்துக்கொள்ளும். மாசி முடியும்போது திரும்பிப் போகும். மூன்று அந்தி தொடர்ந்து ஒரு பருந்தும் இறங்கவில்லை என்றால் நாலாம் நாள் புல் ஏலம். வெட்டிய பிறகு ஆடு. இவ்வளவுதான். இதற்குப் பெயர் தரிசு.

என் பாசிப்பயற்றுக் காடு ஆறு ஏக்கர் அதை ஒட்டித்தான் இருக்கிறது. வெட்டுக்கிளிக்கு என்று நான் இதுவரை ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. அந்தக் காட்டை வைத்துத்தான் நானும் என் மகளும் பேரனும் சாப்பிடுகிறோம். பருந்து வராத வருஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஆட்சேபணையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்.

வள்ளிமயில்

*

கோவில்பட்டி
25 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நிறம் அடித்தவர் யார் என்ற தங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது.

ஆட்சேபணைப் படிவம் இணைத்திருக்கிறேன். நான்கு கட்டங்கள் இருக்கின்றன: மரம், நீர்நிலை, வழிபாட்டுத் தலம், இதர கட்டுமானம். புல்லுக்குக் கட்டம் இல்லை. பருந்துக்கும் இல்லை. அம்மன் பெயரில் இருப்பதால் வழிபாட்டுத் தலம் என்று போடலாமா என்று பார்த்தேன். அம்மன் கோயில் புல்லுக்கு அரை மைல் தள்ளி இருக்கிறது. அரை மைல் தள்ளி இருக்கும் அம்மனை எங்கள் விதி ஏற்பதில்லை.

எங்கள் அலுவலர் செல்வகணேஷ் கெட்டவர் அல்ல. கட்டம் இல்லாத எதையும் அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நேற்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

“என்ன லிங்கராஜ், புல்லுக்குமா ஆட்சேபணை வாங்கணும்?”

“புல்லுக்கு இல்ல சார். அதுல பருந்து வந்து தங்கும்.”

“நல்லது. ஆய்வுக்குப் போவோம். எப்ப வரும்?”

“ஐப்பசியில, சார். அக்டோபர் கடைசி.”

“நமக்குக் கடைசித் தேதி செப்டம்பர் அஞ்சு. பருந்துகிட்டச் சொல்லிருங்க.”

பிறகு கொஞ்சம் இரங்கி, தேதியோடு எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருந்தால் பார்க்கிறேன் என்றார். ஊரில் யாரும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்களா? கல்வெட்டு ஏதாவது? எனக்கு வேறு யோசனை வரவில்லை.

குழந்தைக்கு மூன்றாவது பல் வந்ததா?

லிங்கராஜ்

*

வரகுப்பட்டி
14 ஆகஸ்ட் 2024

லிங்கராஜுக்கு,

கல்வெட்டு இல்லை. ஏல நோட்டு இருக்கிறது.

நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஏலத்துக்கு முன்னால் அந்த மூன்று அந்தியையும் தேதி போட்டு எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஏலம் எடுத்தவன் பிறகு தகராறு செய்வான். 1971-லிருந்து எழுதியிருக்கிறார்கள். பருந்துக்காக எழுதவில்லை, சண்டைக்குப் பயந்து எழுதினார்கள். ஆனால் எழுதினார்கள்.

நோட்டைக் கேட்டதற்கு உச்சிமாகாளி அண்ணாச்சி தரவில்லை. “நோட்டு அம்மனுக்குச் சொந்தம். ஆபீசுக்குப் போகாது” என்றார். லாரி டிரைவர்கள் டீ குடிப்பதை அவர் ஏற்கனவே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் போய்ப் போய் நின்றேன். கடைசியில், “நான் தொடல, நீங்களே எனக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க” என்றேன். வேண்டா வெறுப்பாகப் பிரித்தார். விழுந்தது 1984. அவருடைய அப்பா அய்யாத்துரை மாமா கையெழுத்து.

‘மார்ச் 2 அந்தி இல்லை. மார்ச் 3 அந்தி இல்லை. மார்ச் 4 அந்தி ஒன்றே ஒன்று இறங்கியது, காலில் ஊனம் போலும். மறுபடியும் முதலிலிருந்து.’

அந்த ஒன்று போவதற்குப் பதினேழு நாள் ஆகியிருக்கிறது. பதினேழு நாளும் அய்யாத்துரை மாமா போய் நின்று, ‘இருக்கிறது’, ‘இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அவர் மகன் அதை முழுவதும் சத்தமாக வாசித்தார். பிறகு பாய்லர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“அந்த வருசம் புல்லு காஞ்சு போச்சுன்னு அப்பாவ ஊரே ஏசுச்சு” என்றார். நோட்டை மூடிக்கொண்டே, “நகல் எடுக்க நானே வாரேன். உங்ககிட்டக் குடுத்தா பக்கத்தக் கிழிச்சிருவீங்க.”

நேற்று டவுன் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வந்தோம். நோட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தேதிப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்தோம். மற்ற பக்கங்களில் இருப்பது ஊர்ச் சண்டை, அதைப் பார்த்தால் உன் அலுவலர் நம் ஊரையே ஊதாவாக்கிவிடுவார். அறுபத்தோரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறோம். எந்தக் கட்டம் என்று தெரியாததால் நான்கு கட்டத்திலும் ‘புல்’ என்று எழுதியிருக்கிறேன்.

ஆட்சேபணையை வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன். மாடிக்கு வரவில்லை. பலகை முன்னால் இருந்த தண்ணீர் கேன்களை நகர்த்தி வைத்தது நான்தான்.

மூன்றாவது பல் வந்துவிட்டது.

வள்ளிமயில்

*

கோவில்பட்டி
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

வெற்றி.

செல்வகணேஷ் சார் நகலை இரண்டு நாள் வைத்துப் படித்தார். “ஐம்பது வருசம் ஒரு தேதி விடாம எழுதியிருக்காங்க லிங்கராஜ். நம்ம வருகைப் பதிவேடு இப்படி இருக்குமா?” என்று கேட்டார். கேள்வி பொதுவானது என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கல்லூரி விலங்கியல் பேராசிரியருக்கும் நகலை அனுப்பினார். அவர் மூன்றே நாளில் பதில் போட்டார்: இவை பூனைப்பருந்துகள், தரைப்புல்லில் கூட்டமாகத் தங்குபவை, அவை கிளம்பும் தேதியை இப்படி ஐம்பது ஆண்டு குறித்து வைத்த வேறு பதிவை அவர் பார்த்ததில்லை, நோட்டைத் தயவுசெய்து டீக்கடையில் வைக்க வேண்டாம்.

கடைசிக் கூட்டத்தில் ஊதா நீக்கப்பட்டது. அம்மன் புல்லு இனி ‘பசுமைப் பகுதி’. லாரி நிறுத்துமிடம் நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம் பழைய செங்கல் சூளைக்குப் போகிறது. சுவர் வரைபடத்தில் நானே பச்சை அடித்தேன். பென்சில் என் சொந்தப் பென்சில். கோட்டுக்கு வெளியே ஒரு இழை போகவில்லை.

உச்சிமாகாளி அண்ணாச்சியிடம் சொல்.

லிங்கராஜ்

*

வரகுப்பட்டி
5 நவம்பர் 2024

லிங்கராஜுக்கு,

உன் பச்சை வந்து சேர்ந்தது. இரண்டு லாரியில் வந்தது.

போன மாதம் பதினெட்டாம் தேதி. பேனர், மைக், நாற்காலி நூறு, மரக்கன்று ஆயிரத்து இருநூறு. புங்கை, பூவரசு, மயில்கொன்றை. பசுமைப் பகுதி என்று அறிவித்த இடத்தில் பசுமை குறைவாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்களாம். விருந்தினர் நின்று பேச வசதியாக ஏழு ஏக்கர் புல்லை இயந்திரம் வைத்து மழித்தார்கள். விருந்தினர் ஒருவர். பேசியது ஒன்பது நிமிஷம். இயற்கையைக் காக்க வேண்டும் என்றார்.

மீதி இடம் முழுக்க முப்பத்தைந்து அடிக்கு ஒரு குழி. குழிக்கு ஒரு கன்று. கன்றுக்கு ஒரு கம்பு. பிறகு ஒரு பலகை: ஆடு வரக்கூடாது, அரிவாள் வரக்கூடாது, ஏலம் விடக்கூடாது, என்றைக்கும்.

நான் போய்க் கேட்டேன். “நல்ல காரியந்தானம்மா செய்யுதோம்?” என்றார் நட வந்தவர். உண்மையாகவே கேட்டார். வெயிலில் முகமெல்லாம் கறுத்து, கையெல்லாம் கொப்புளம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மாரிச்சாமி என்னிடம் சொன்னார்: “வெட்டாம, ஆடு மேயாம விட்டா ரெண்டே வருசத்துல சீமை உடைமரம் மொளச்சு மூடிரும் தாயி. மரத்துக்குள்ள பருந்து எறங்காது. இதுக்கு நாலு பக்கமும் வெட்டவெளியாத் தெரியணும்.”

நேற்று அந்தி பருந்துகள் வந்தன. மாரிச்சாமி ஆடு எண்ணுகிற மாதிரி இரண்டிரண்டாக எண்ணினார். ஐம்பத்தாறு. ஒரு சுற்று சுற்றின. இரண்டாவது சுற்றில் தாழ வந்து கம்புகளைப் பார்த்தன. மூன்றாவது சுற்று இல்லை. மேற்கே போய்விட்டன. ஒன்று மட்டும் இறங்கி, இரண்டு கம்புக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து அதுவும் போய்விட்டது.

ஊதாவாக இருந்திருந்தால் லாரியை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். மரத்தை எதிர்த்து நான் எங்கே போய்ச் சண்டை போடுவது? என்னை மரத்துக்கு எதிரி என்று பேனர் வைப்பார்கள்.

நான் ஜூலையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வள்ளிமயில்

*

கோவில்பட்டி
13 நவம்பர் 2024

அக்கா,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத நான்கு தாள் கிழித்தேன். அலுவலகத் தாள் அல்ல, சொந்தத் தாள்.

2022 செப்டம்பர் 1, இசக்கிச்செல்வி கல்யாண நாள். அன்று பகல் பதினோரு மணிக்குள் வரைபடம் மதுரைக்குப் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு நாற்பது புல எண்கள் மிச்சம் இருந்தன. விதிப்படி ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து நிறம் அடிக்க வேண்டும். நான் எப்படியும் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று, நாற்பதுக்கும் ‘தரிசு, பயனற்றது’ என்று எழுதி ஒரே வீச்சில் ஊதா அடித்தேன். எண்களைப் பார்த்தேன். ஊரைப் பார்க்கவில்லை. 212 என்பது அம்மன் புல்லு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று அது வெறும் 212.

அப்படி அவசரப்பட்டும் பஸ்ஸைத் தவறவிட்டேன். கல்யாணத்துக்கு வருவதற்காக நிலத்தைக் கெடுத்தேன், கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வரவில்லை. இதை இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. மேப்பு சமர்ப்பிக்கிற நாள் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அந்தி நான் அங்கே வந்தேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை. அன்றும் பருந்துகள் வந்ததையும் இறங்காமல் போனதையும் பார்த்தேன். நான் கோட்டுக்கு வெளியே போகாமல் அடித்த பச்சை அது.

விதியைப் படித்துப் பார்த்தேன். பசுமைப் பகுதி என்றால் ஏக்கருக்கு இத்தனை மரம் என்று இருக்கிறது. புல் என்ற வார்த்தை நூற்று எழுபத்துநான்கு பக்கத்தில் ஒரே இடத்தில் வருகிறது: ‘அகற்றப்பட வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ். எனவே ‘புல்வெளி, உள்ளபடி; ஊர் வழக்கப்படி வெட்டும் மேய்ச்சலும் உண்டு’ என்று ஒரு புது வகை வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டேன். முதல் வகைப்பாடே தவறு என்று காட்டினால்தான் திருத்தத்துக்கு எடுப்பார்கள். அதற்கு, நேரில் பார்க்காமல் நிறம் அடித்தேன் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இருபது வருஷ வேலையில் என் மேல் ஒரு குறிப்பாணை வந்ததில்லை. தாள் மூன்று நாள் மேசையில் கிடந்தது. இன்று காலை கொடுத்துவிட்டேன்.

செல்வகணேஷ் சார் படித்துவிட்டு, “இத நீங்க எழுதாம இருந்தா யாருக்கும் தெரியாதே லிங்கராஜ்” என்றார்.

“பருந்துக்குத் தெரியும் சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அனுப்பிவைத்தார்.

முடிவு வர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் ஒரு வழி இருக்கிறது. பக்கம் 91, பத்தி 4: கன்றுகளை ‘பசுமைப் பகுதியிலோ அதே ஊர் எல்லைக்குள்ளோ’ பராமரிக்கலாம். நகல் இணைத்துள்ளேன். அடியில் செல்வகணேஷ் சாரின் ஒப்புதல் இருக்கிறது. ஆயிரத்து இருநூறும் ஊர் எல்லைக்குள் இருந்தால் போதும்.

லிங்கராஜ்

*

வரகுப்பட்டி
30 டிசம்பர் 2024

லிங்கராஜு,

பக்கம் 91, பத்தி 4-ஐ உச்சிமாகாளி அண்ணாச்சி கடையில் வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அரசாங்கத் தாளில் நமக்கு வேண்டியது எழுதியிருந்தால் யாரும் முதல் தடவை நம்புவதில்லை.

மறுநாள் காலை ஊரே கடப்பாரையோடு போனது. வேரோடு மண்ணோடு தோண்டி எடுத்தோம். நட வந்தவரையும் கூப்பிட்டு அனுப்பினேன். முதலில் முகம் சுருங்கிப்போயிற்று. மாரிச்சாமி அவரை அந்தி வரை இருக்கச் சொல்லி, மேற்கே பெருமாள் காட்டுச் சோளத்தட்டைக்குள் பருந்துகள் இடமில்லாமல் முட்டிக்கொண்டு இறங்குவதைக் காட்டினார். மறுநாள் அவர் எட்டு ஆட்களோடு வந்தார்.

வீட்டுக்கு ஐந்து கன்று. பள்ளிக்கூடம், கண்மாய்க் கரை, சுடுகாட்டுப் பாதை. உச்சிமாகாளி அண்ணாச்சி கடை முன்னால் பன்னிரண்டு புங்கை வைத்தார். “லாரி அந்தப் பக்கம் போயிட்டான். நெழலாவது வரட்டும்” என்றார். எண்ணி முடித்தபோது ஆயிரத்து நூற்று எழுபது இருந்தது. மீதி முப்பதைப் பற்றி மாரிச்சாமியிடம் கேட்டோம். அவர் ஆடுகளைப் பார்த்தார்.

குழியை நாங்கள் மூடவில்லை. கார்த்திகை மழைக்குக் கரிசல் மண் ஊறிப் பொதுமி அதுவே மூடிக்கொண்டது. மழித்த ஏழு ஏக்கரில் முழங்கால் அளவு வந்துவிட்டது. கம்பெல்லாம் போன பிறகு பருந்துகள் மறுபடி அம்மன் புல்லுக்குள் இறங்குகின்றன. பலகையை மட்டும் விட்டு வைத்திருக்கிறோம். அதில் ஒரு கரிச்சான் உட்காருகிறது.

நீ ரோட்டோரம் வந்து நின்றது எனக்குத் தெரியும். சுப்புத்தாய் மதினி பார்த்துவிட்டு அன்றைக்கே வந்து சொன்னாள். “ஏட்டி, உன் தம்பி ரோட்டுல நின்னு மூக்கச் சிந்துதான்” என்றாள். நான் வாசலில் விளக்கைப் போட்டு வைத்தேன். நீ வரவில்லை.

கல்யாண நாள் கதையை இசக்கிச்செல்வியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “நாப்பது நம்பருக்கும் சேத்து ஊதாவா? மாமா பாவம்மா” என்றாள். நான் சிரிக்கவில்லை. நாற்பதில் ஒன்றுதான் நமது. மற்ற முப்பத்தொன்பது இடத்துக்கும் ஒரு நோட்டு இருக்குமா என்று நீ போய்ப் பார்.

தை இருபது, பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. இசக்கிச்செல்விக்கு உடன்பிறந்தவன் இல்லை. பிள்ளையை மடியில் வைக்க நீதான் வேண்டும். முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. நீ ஆறு மணிக்கு வா. முந்தின நாள் ஆறு மணிக்கு.

அக்கா

*

கோவில்பட்டி
21 ஜனவரி 2025

அக்கா,

இரண்டு உத்தரவுகள் ஒரே நாளில் வந்தன.

ஒன்று: புது வகை ஏற்கப்பட்டது. வரைபடத்தில் அதற்கு என்ன நிறம் என்பதில் சிக்கல் ஏற்பட்டு இரண்டு கூட்டங்கள் நடந்தன. பெட்டியில் இருந்த பன்னிரண்டு நிறங்களும் ஏற்கனவே எதற்காவது ஒதுக்கப்பட்டவை. கடைசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஒரு நண்பரிடம் போய், காய்ந்த புல்லின் நிறத்தில் மை கலந்து வாங்கி வந்தேன். ஒரு நிபந்தனை: ஆண்டுதோறும் மூன்று அந்தி விவரத்தை ஊர் எங்கள் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போன் செல்லாது.

இரண்டு: எனக்குக் குறிப்பாணை. தண்டனையாக, மணியாச்சி வரையுள்ள எல்லாப் புல எண்களையும், நிறம் அடிக்கும் முன் நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விதியில் எப்போதும் இருந்த வேலைதான். இதுவரை யாருக்கும் இது கொடுக்கப்பட்டதில்லை. மற்ற முப்பத்தொன்பதில் பதினொன்றைப் பார்த்துவிட்டேன். நான்கு உண்மையிலேயே தரிசு. ஒன்றில் கல்கௌதாரி முட்டையிடுகிறது. ஒன்றில் முள்ளடியில் கள்ளிமுளையான் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் பறித்துக் கொடுத்தார்கள், தின்றேன். அதன் புளிப்பை மறந்தே போயிருந்தேன்.

பிப்ரவரி 1, மாலை ஆறு மணி. செல்வகணேஷ் சாரும் வர ஆசைப்படுகிறார். காதுகுத்துக்கு அல்ல, அந்தி பார்க்க.

லிங்கராஜ்

*

வரகுப்பட்டி
12 மார்ச் 2025

பெறுநர்: வரைவாளர் லிங்கராஜ் அவர்கள்

ஐயா,

தாங்கள் காதுகுத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து நாற்பதுக்கே வந்ததையும், மறுநாள் பிள்ளை தங்கள் மடியில் அழுததையும், தாங்கள் அதைவிட அதிகமாக அழுததையும் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று உச்சிமாகாளி அண்ணாச்சி சொல்கிறார். இது அலுவலகக் கடிதமாம், நோட்டில் இதன் நகலை ஒட்டப்போகிறாராம். மற்றதைப் போனில் பேசிக்கொள்வோம். உன் எண் இப்போது வருகிறது.

புல எண் 212, அம்மன் புல்லு. மார்ச் 8 அந்தி இரண்டு இறங்கின. மார்ச் 9 அந்தி இல்லை. மார்ச் 10 அந்தி இல்லை. மார்ச் 11 அந்தி இல்லை. பார்த்தவர்கள்: மாரிச்சாமி, உச்சிமாகாளி, வள்ளிமயில்.

ஏலம் இன்று காலை ஒன்பது மணிக்கு நடந்தது.